பதவியேற்ற அன்றே சபையை விட்டு வெளியே அனுப்பப்பட்ட ஐந்து பேர்



கொஞ்சம் நீளமான பதிவு இது. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

தேர்தல் என்று ஒன்று வந்தால் தேத்தண்ணிக் கடையிலும், பள்ளி வாசலிலும், ஆசிரியர் ஓய்வறையிலும் ஒரு வசனம் காதில் விழும். "சின்னக் கட்சிக்குப் போடுற வோட்டு தண்ணியில போட்ட உப்பு." யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. அது என் வேலையும் இல்லை. ஆனால் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கும்போது உயர்தரப் பிள்ளைகள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள்: "சேர், அமெரிக்காவில ரெண்டே ரெண்டு கட்சிதானா? மூணாவது ஒருத்தன் கேட்டு வெல்லவே இல்லையா?"

வென்றிருக்கிறார்கள் பிள்ளைகளே. வென்ற பிறகு என்ன நடந்தது என்பதுதான் கதை. நியூயோர்க்கில் 1920ஆம் ஆண்டு நடந்தது இது. ஐந்து பேர் மூன்றாம் கட்சியொன்றில் கேட்டு, மாநிலச் சட்டசபைக்கு முறையாகத் தெரிவானார்கள். சபை அவர்களை வெளியேற்றியது. அதே மக்கள் அதே ஐந்து பேரையும் மறுபடி தெரிவு செய்து அனுப்பினார்கள்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டமன்றம் உண்டு. நம் மாகாண சபையைப் போல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிகாரம் பலமடங்கு. தொழிற்சாலைச் சட்டம், வீட்டு வாடகைச் சட்டம், பாடசாலை, பொலிஸ் எல்லாம் மாநிலத்தின் கையில். நியூயோர்க் மாநிலத்தின் தலைநகர் நியூயோர்க் நகரம் அல்ல, வடக்கே இருக்கும் அல்பனி. அங்கேயுள்ள கீழ்ச்சபையில் 150 ஆசனங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வருடமும் நவம்பரில் அந்த 150 பேருக்கும் தேர்தல். நம் நாட்டு விகிதாசார முறை அங்கே இல்லை. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், கூடுதல் வாக்கு எடுத்தவர் வென்றவர். மாநிலம் முழுவதும் பத்துச் சதவீத ஆதரவு இருந்தாலும், அது எல்லாத் தொகுதியிலும் பரவிக் கிடந்தால் ஓர் ஆசனமும் கிடையாது. ஒரு பகுதியில் குவிந்திருந்தால் மட்டுமே மூன்றாம் கட்சிக்கு வழி.

அப்படிக் குவிந்திருந்த பகுதிகள் நியூயோர்க் நகரத்தில் இருந்தன. மன்ஹட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதி, கிழக்கு ஹார்லெம், புரூக்ளினில் பிரவுன்ஸ்வில், பிரொங்ஸின் சில தொகுதிகள். ரஷ்யப் பேரரசிலிருந்து கலவரங்களுக்கும் வறுமைக்கும் தப்பி ஓடிவந்த யூதர்களே இவற்றில் பல இடங்களில் அதிகம், இத்தாலியர் முதலான வேறு குடியேறிகளும் இருந்தார்கள். இந்த இடத்தில் சிலருக்கு முகம் சுருங்கக்கூடும். இன்றைய பலஸ்தீன அரசியலை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். இவர்கள் தையல் ஆலைகளில் நாள் முழுக்க மெஷினுக்குக் குனிந்திருந்த கூலிகள். காற்றோட்டமில்லாத அடுக்குமாடி அறைகளில் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தவர்கள். மொழி வேறு, மதம் வேறு, பெரும்பான்மையின் பார்வையில் சந்தேகத்துக்குரியவர்கள். அந்தப் பார்வை எப்படியிருக்கும் என்று 2019 ஏப்ரலுக்குப் பிறகு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஐவரில் ஒருவர் லூயி வால்ட்மன். உக்ரேன் கிராமத்தில் 1892இல் பிறந்து, 17 வயதில் அமெரிக்கா வந்தவர். பகலில் தையல் தொழிலில் வேலை, இரவில் படிப்பு. 1911 மார்ச் 25ஆம் திகதி நியூயோர்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை தீப்பற்றியது. ஒரு பக்கத்துக் கதவு பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் இறந்தார்கள், அதிகமானோர் இளம் பெண்கள். ஜன்னல்களிலிருந்து குதித்தவர்களும் பிழைக்கவில்லை. அந்தக் காட்சியைத் தெருவில் நின்று கண்ணால் கண்டவர்களில் வால்ட்மனும் ஒருவர். பிறகு பொறியியல் படித்தார், அதன் பிறகு சட்டம் படித்தார், சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்து தேர்தலில் கேட்டார்.

அந்தத் தீ இன்னொருவரையும் மாற்றியது. அல் ஸ்மித். ஜனநாயகக் கட்சிக்காரர், ஐரிஷ் குடும்பம், அதே கீழ்க் கிழக்குப் பகுதியில் வளர்ந்தவர். தீ விபத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட தொழிற்சாலை விசாரணை ஆணைக்குழுவின் துணைத் தலைவராக ஆலை ஆலையாக ஏறி இறங்கினார். 1920இல் அவர் நியூயோர்க் ஆளுநர். இந்தக் கதையில் அவர் பிறகு வருவார்.

சோசலிஸ்ட் கட்சிக்கு நல்ல காலம் 1917 நவம்பரில் வந்தது. அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கிச் சில மாதங்கள். இரண்டு பெரிய கட்சிகளும் போரை ஆதரித்தன. சோசலிஸ்ட் கட்சி மட்டும் வெளிப்படையாக எதிர்த்தது. அந்தத் தேர்தலில் நியூயோர்க் நகர மேயர் பதவிக்குக் கேட்ட அதன் வேட்பாளர் மொரிஸ் ஹில்கிட் சுமார் 22 சதவீத வாக்கு எடுத்தார். மாநிலச் சபைக்குப் பத்து சோசலிஸ்டுகள் தெரிவானார்கள், வால்ட்மன் அதில் ஒருவர். பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதா என்று நியூயோர்க் ஆண்கள் வாக்களித்து "ஆம்" என்று சொன்னதும் அதே நாளில்தான்.

பத்துப் பேர் 150 பேர் சபையில் என்ன செய்ய முடியும்? சட்டமொன்றும் நிறைவேற்ற முடியாது, அது உண்மை. வயோதிபர் ஓய்வூதியம், வேலையில்லாதோர் காப்புறுதி, குறைந்தபட்சச் சம்பளம், பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பத் தடை என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். கொண்டுவந்த சட்டமூலங்கள் குழுவிலேயே படுத்துவிட்டன. ஆனால் அவர்கள் எழும்பிப் பேசினார்கள், கேள்வி கேட்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் திரைக்குப் பின்னால் பேசி முடித்த விஷயங்களுக்கு சபையில் காரணம் கேட்டார்கள். தொல்லையாக இருந்தது என்பதுதான் பொருத்தமான சொல்.

அடுத்த வருடமே இரண்டு பெரிய கட்சிகளும் பல தொகுதிகளில் ஒன்றுசேர்ந்து ஒரே வேட்பாளரை நிறுத்தின. வருடம் முழுவதும் பரம எதிரிகள், சோசலிஸ்ட் நிற்கிற தொகுதியில் மட்டும் சம்பந்திகள். பத்து இரண்டாகக் குறைந்தது. 1919 நவம்பரில் ஐந்தாக ஏறியது. லூயி வால்ட்மன், ஓகஸ்ட் கிளாசென்ஸ், சார்ள்ஸ் சொலமன், சாமுவேல் டிவிட், சாமுவேல் ஓர். 150 பேர் சபையில் குடியரசுக் கட்சி 110, ஜனநாயகக் கட்சி 35, இவர்கள் ஐவர். அரசாங்கத்தைக் கவிழ்க்கவோ காப்பாற்றவோ முடியாத எண்ணிக்கை.

அப்படியிருக்க அவர்களைப் பார்த்து ஏன் இவ்வளவு பயம்? அந்த வருடத்தின் சூழலைப் பார்க்க வேண்டும். ரஷ்யாவில் புரட்சி நடந்து இரண்டு வருடம். அமெரிக்கா எங்கும் வேலைநிறுத்தங்கள். 1919 ஜூனில் பல நகரங்களில் ஒரே இரவில் குண்டுகள் வெடித்தன. குடியேறிகள் எல்லோரும் புரட்சிக்காரர் என்ற பேச்சு பத்திரிகைகளில் நிறைந்தது. டிசம்பரில் 249 பேரைக் கப்பலில் ஏற்றி ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். 1920 ஜனவரி 2ஆம் திகதி இரவு பல நகரங்களில் ஒரே நேரத்தில் வீடுகளும் மண்டபங்களும் சுற்றிவளைக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள், பலருக்குப் பிடியாணையே இல்லை. நியூயோர்க் மாநிலமும் லஸ்க் என்ற செனட்டர் தலைமையில் தன் பங்குக்கு ஒரு விசாரணைக் குழுவை வைத்து, கட்சி அலுவலகங்களையும் ஒரு சோசலிஸ்ட் பாடசாலையையும் சோதனையிட்டிருந்தது.

அந்தச் சுற்றிவளைப்பு நடந்து ஐந்தாம் நாள், 1920 ஜனவரி 7. அல்பனியில் சபையின் முதல் அமர்வு. ஐவரும் வழமைபோல் சத்தியப்பிரமாணம் செய்தார்கள். சபாநாயகர் தெரிவு நடந்தது, அதிலும் பங்குபற்றினார்கள். தெரிவானவர் குடியரசுக் கட்சியின் தடியஸ் சுவீட், கடதாசி ஆலை முதலாளி. கொஞ்ச நேரத்தில் அவர் சபைச் சேவகரை அழைத்து ஐவரையும் தன் மேசைக்கு முன்னால் கொண்டுவரச் சொன்னார். வகுப்பில் குழப்படி செய்த பிள்ளைகளை அதிபரின் அறையில் நிறுத்துவதுபோல வரிசையாக நிறுத்தினார்கள். நீங்கள் தெரிவான கட்சியின் கொள்கை இந்த மாநிலத்தின் நலனுக்கு விரோதமானது என்ற பொருள்பட சபாநாயகர் வாசித்தார். உடனே, விசாரணை முடியும்வரை இவர்களை இடைநிறுத்தும் தீர்மானம் வந்தது. முன்னறிவித்தல் கிடையாது, தனித்தனிக் குற்றச்சாட்டும் கிடையாது. ஆதரவு 140, எதிர்ப்பு 6. ஐவரும் சபையிலிருந்து வெளியே கொண்டுசெல்லப்பட்டார்கள்.

குடியரசுக் கட்சிக்காரர் மட்டும் செய்த வேலையல்ல இது. அந்த 140க்குள் ஜனநாயகக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். "மூன்றாம் கட்சி" என்பதன் பொருள் இந்த எண்களில் தெரியும். இரண்டு பெரிய கட்சிகளுக்குள் ஒருவன் அநியாயம் செய்தால் மற்றவன் சத்தம் போடுவான். மூன்றாமவனுக்கு அநியாயம் நடந்தால் சத்தம் போட ஆளில்லை.

மூன்று நாள் கழித்து வொஷிங்டனிலும் இதே கூத்து. விஸ்கொன்சினிலிருந்து தெரிவான விக்டர் பேர்கர் என்ற சோசலிஸ்டுக்கு காங்கிரஸ் ஏற்கெனவே ஒருமுறை ஆசனம் மறுத்திருந்தது. மக்கள் இடைத்தேர்தலில் அவரையே திரும்பத் தெரிவு செய்தார்கள். ஜனவரி 10ஆம் திகதி இரண்டாவது முறையும் மறுத்தார்கள்.

ஆனால் நியூயோர்க்கில் சத்தம் போட ஒருவர் வந்தார், எதிர்பாராத பக்கத்திலிருந்து. சார்ள்ஸ் எவன்ஸ் ஹியூஸ். நியூயோர்க்கின் முன்னாள் ஆளுநர், நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர், 1916இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக நின்று சொற்ப வித்தியாசத்தில் தோற்றவர். சபாநாயகர் சுவீட்டின் கட்சியிலேயே அவரைவிடப் பெரிய தலை. சோசலிசத்தில் ஹியூஸுக்குத் துளியும் உடன்பாடில்லை. ஆனாலும் இரண்டே நாளில் சுவீட்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கடிதத்தின் சாரம்: ஒருவர் தனிப்பட்ட முறையில் குற்றம் செய்திருந்தால் குற்றத்தைச் சொல்லி விசாரியுங்கள். சட்டப்படி வாக்குப்போட்டுத் தெரிவான சிறுபான்மையின் பிரதிநிதித்துவத்தைப் பெரும்பான்மை பறிக்கக் கூடாது. அமைதியாக வாக்களிக்கும் வழியை மூடிவிட்டு, வன்முறைக்குப் போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வீர்கள்?

நியூயோர்க் நகரச் சட்டத்தரணிகள் சங்கம் ஹியூஸ் தலைமையில் ஒரு குழுவை அல்பனிக்கு அனுப்பியது. விசாரணையில் பங்குபற்ற விடவில்லை, எழுத்தில் தாருங்கள் என்று சொல்லித் திருப்பினார்கள். ஆளுநர் அல் ஸ்மித்தும் தான் சோசலிஸ்ட் கட்சியின் கொள்கைக்கு எதிரி என்று சொல்லிக்கொண்டே இந்த இடைநிறுத்தத்தைக் கண்டித்தார். மறுபக்கம், நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை சபையின் முடிவை ஆதரித்தே எழுதியது.

விசாரணை ஜனவரி 20ஆம் திகதி தொடங்கி மார்ச் வரை இழுத்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்த சபையின் குழுவே விசாரித்தது. குற்றம் சாட்டியவனும் அவனே, நீதிபதியும் அவனே. மாநில யாப்பின்படி தன் உறுப்பினரின் தகுதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு என்பது அவர்களுடைய பிடி. தகுதி என்றால் வயது, வதிவிடம், தேர்தலின் செல்லுபடி என்றுதான் ஹில்கிட்டும் மற்றச் சட்டத்தரணிகளும் வாதாடினார்கள். கொள்கையைத் தகுதியாக்கினால் நாளைக்கு எந்தக் கட்சியையும் வெளியே போடலாமே?

என்னென்ன குற்றச்சாட்டுகள்? போரை எதிர்த்தார்கள். ரஷ்யப் புரட்சியை வாழ்த்திப் பேசினார்கள். பிரஜாவுரிமை இல்லாதவர்களும் கட்சியில் சந்தா கட்டும் அங்கத்தவர்களாக இருக்கிறார்கள், ஆகவே வெளிநாட்டான் சொல்லி இவர்கள் ஆடுகிறார்கள். இன்னொன்று முக்கியமானது. பதவிக்கு வருகிறவர் கட்சிக்கு முன்கூட்டியே இராஜினாமாக் கடிதம் கொடுத்துவைக்க வேண்டும் என்று கட்சி விதியில் இருக்கிறது, அப்படியானால் இவர்கள் மக்களின் பிரதிநிதிகளா, கட்சியின் கைப்பொம்மைகளா என்று கேட்டார்கள். கட்சித் தரப்பு இது நடைமுறையில் இல்லாத ஒன்று என்று பதில் சொன்னது.

இந்தக் கடைசிக் கேள்வி நியாயமான கேள்வி என்றுதான் நான் நினைக்கிறேன். 1982இல் ஜே.ஆர். ஜயவர்தன தன் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்ட நாட்டிலிருந்து இதை வாசிக்கிறோம். அப்படிக் கடிதம் கொடுத்தவன் யாருடைய பிரதிநிதி என்று நாமும்தான் கேட்டோம். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய இடம் வாக்குச்சாவடி. தொகுதி மக்களுக்குக் கைப்பொம்மை பிடிக்காவிட்டால் அடுத்த நவம்பரில் மாற்றுவார்கள். ஒரு வருடப் பதவிதானே.

எனக்கு இந்த வரலாற்றில் மிக உறுத்தும் இடம் வேறொன்று. சோசலிஸ்ட் கட்சி 1919 கோடையில் இரண்டாக, மூன்றாக உடைந்தது. தேர்தலால் ஒன்றும் ஆகாது, ரஷ்யாவைப் போலச் செய்ய வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தவர்கள் பிரிந்துபோய் செப்டெம்பரில் கம்யூனிஸ்ட் கட்சிகளை அமைத்தார்கள். வருட ஆரம்பத்தில் ஒரு லட்சத்துக்கு மேலிருந்த அங்கத்துவம் அடுத்த வருடம் ஏறக்குறைய கால்வாசியாகிவிட்டது. அப்படிப் பிரிந்தவர்கள் மிச்சமிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்: வாக்குப்பெட்டியை நம்புகிற ஏமாளிகள் என்று. அந்த ஐவரும் மிச்சமிருந்தவர்கள். துண்டுப்பிரசுரம் கொடுத்து, படியேறி, கதவு தட்டி, வாக்குக் கேட்டு வந்தவர்கள். புரட்சிக்காரர்களைப் பிடிக்கிறோம் என்று கிளம்பிய சபை, புரட்சி வேண்டாம், வாக்கு போதும் என்று நின்றவர்களைத்தான் வெளியே தள்ளியது. பிரிந்துபோனவர்கள் "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று சொல்ல வேறு என்ன வேண்டும்?

குழுவின் பெரும்பான்மை வெளியேற்றும்படி சிபாரிசு செய்தது, சிலர் மறுத்துத் தனி அறிக்கை கொடுத்தார்கள். இரவிரவாக விவாதம். மறுத்துப் பேசியவர்களில் ஓர் இளம் குடியரசுக் கட்சி உறுப்பினர், முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டின் மகன். அவருக்கும் தகப்பனின் பெயர்தான். போரில் காயப்பட்டு வந்தவர், ஆகவே அவருடைய தேசப்பற்றை யாரும் சந்தேகிக்க முடியாது. அவரையும் சும்மா விடவில்லை. தகப்பனின் பேச்சுகளையே எடுத்து வாசித்து மகனை மட்டந்தட்டினார் சபாநாயகர்.

ஏப்ரல் 1ஆம் திகதி காலை வாக்கெடுப்பு. வால்ட்மன், கிளாசென்ஸ், சொலமன் மூவருக்கும் எதிராக 116, ஆதரவாக 28. டிவிட், ஓர் இருவருக்கும் எதிராக 104, ஆதரவாக 40. கடைசி இருவர் மீதும் சொந்தப் பேச்சு, சொந்தச் செயல் என்று காட்ட ஒன்றும் பெரிதாக இல்லை, அதனால்தான் அந்த வித்தியாசம். ஆனாலும் வெளியேற்றினார்கள். ஜனவரியில் 6ஆக இருந்த எதிர்ப்பு ஏப்ரலில் 28க்கும் 40க்கும் ஏறியதைக் கவனியுங்கள். ஹியூஸின் கடிதமும் பத்திரிகைகளின் சத்தமும் அவ்வளவு தூரம்தான் வேலை செய்தன.

அந்தக் கூட்டத்தொடரில் அதே சபை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? போருக்குப் பிறகு நியூயோர்க் நகரத்தில் வீட்டுப் பஞ்சம். வாடகை ஏறிக்கொண்டே போகிறது, கட்டாதவர்களின் சாமான்கள் தெருவில். குடியிருப்போர் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்துகிறார்கள். சபை வாடகைச் சட்டங்களை விவாதித்து நிறைவேற்றுகிறது. அதிகம் வாடகைக்கிருந்த தொகுதிகளில் ஐந்துக்குச் சபையில் ஆளே இல்லை.

இன்னொன்றும் செய்தார்கள், அது எங்கள் தொழிலைத் தொட்டது. லஸ்க் குழுவின் பெயரில் ஒரு கட்டுச் சட்டங்கள். பொதுப் பாடசாலை ஆசிரியர் ஒவ்வொருவரும் நாட்டுக்கு விசுவாசமானவர் என்று அரசிடம் சான்றிதழ் எடுக்க வேண்டும். தனியார் பாடசாலைகள் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். ஒரு கட்சியையே வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிட வழிசெய்யும் சட்டமும் அதில். ஐந்து உறுப்பினர்களில் தொடங்கிய கை வகுப்பறை வரைக்கும் வந்துவிட்டது. ஆளுநர் ஸ்மித் எல்லாவற்றையும் தன் மறுப்பதிகாரத்தால் நிறுத்தினார். அந்த நவம்பரில் அவர் தோற்றார். அடுத்து வந்த ஆளுநர் 1921இல் ஆசிரியர் சட்டத்துக்குக் கையொப்பமிட்டார். ஸ்மித் திரும்ப வென்று வந்து 1923இல் அதை இரத்துச் செய்யும்வரை நியூயோர்க் ஆசிரியர்கள் விசுவாசச் சான்றிதழோடுதான் பாடம் நடத்தினார்கள்.

இனி செப்டெம்பர். வீட்டுப் பிரச்சினை முற்றி, ஆளுநர் விசேட அமர்வைக் கூட்டினார். அந்தத் தொகுதி மக்களுக்கும் அதில் ஆள் இருக்க வேண்டும் என்று ஐந்து தொகுதிக்கும் இடைத்தேர்தலையும் அறிவித்தார். சோசலிஸ்ட் கட்சி அதே ஐந்து பேரையும் நிறுத்தியது. எதிர்ப்பக்கத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் மறுபடி கைகோத்தன. பதவிக்காலத்தில் மிச்சம் மூன்றரை மாதம். வென்றாலும் மறுபடி வெளியே போடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கணக்குப் பார்க்கிறவன் வீட்டில் இருந்திருப்பான். அந்த மக்கள் வரிசையில் நின்றார்கள். செப்டெம்பர் 16ஆம் திகதி ஐந்து பேரும் வென்றார்கள்.

தண்ணியில போட்ட உப்பு என்று சொல்கிறோமே, அந்த வாக்குகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாக்கால் சட்டம் வரவில்லை, ஆட்சி மாறவில்லை. எங்கள் ஆளை நாங்கள்தான் தெரிவு செய்வோம் என்று சொன்னது மட்டும்தான்.

செப்டெம்பர் 21ஆம் திகதி சபை வால்ட்மன், கிளாசென்ஸ், சொலமன் மூவரையும் இரண்டாம் முறை வெளியேற்றியது. டிவிட்டையும் ஓரையும் இருக்கலாம் என்றது. அந்த இருவரும் செய்தது இதுதான்: எழும்பி, தோழர்களுக்கு இல்லாத ஆசனம் எங்களுக்கும் வேண்டாம் என்று இராஜினாமாச் செய்துவிட்டு மூவருக்குப் பின்னால் நடந்தார்கள். பதவி கிடைத்த பிறகு கட்சி தாவுகிறவர்களைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு மூன்றாம் கட்சி செழித்ததா? இல்லை, இதை மறைக்கக் கூடாது. 1920 நவம்பரில் ஓரும் சொலமனும் திரும்பவும் சபைக்குப் போனார்கள். வால்ட்மன் கூட்டு வேட்பாளரிடம் தோற்றார். அதே தேர்தலில் சோசலிஸ்ட் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யூஜின் டெப்ஸ், போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறையில் இருந்தபடியே 9 லட்சத்துக்கு மேல் வாக்கு எடுத்தார். ஆனால் சில வருடங்களில் அல்பனிச் சபையில் சோசலிஸ்டுகள் இல்லாமலே போனார்கள். சபாநாயகரின் சுத்தியலால் முடியாததைக் கூட்டு வேட்பாளர் முறையும், கட்சியின் உட்பிளவும் மெதுவாகச் செய்து முடித்தன. குடியேறிகளின் பிள்ளைகள் கொஞ்சம் வசதியாகி வேறு பகுதிகளுக்குக் குடிபோனார்கள், தொகுதியில் குவிந்திருந்த வாக்கும் அவர்களோடு கலைந்தது. அல் ஸ்மித் போன்றவர்கள் சோசலிஸ்டுகளின் கோரிக்கைகளில் பாதியைத் தம் கட்சிக்குள் எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம். வயோதிபர் உதவிச் சட்டம் 1930இல் நியூயோர்க்கில் வந்தது, கையொப்பமிட்டவர் ஆளுநர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். வேலையில்லாதோர் காப்புறுதி 1935இல். எல்லாம் பெரிய கட்சியின் பெயரில். முதலில் கேட்டவர்களின் பெயர் அதில் எங்கும் இல்லை.

சபாநாயகர் சுவீட் பிறகு வொஷிங்டன் காங்கிரஸுக்குப் போனார், 1928இல் விமான விபத்தில் இறந்தார். ஹியூஸ் 1930இல் நாட்டின் பிரதம நீதியரசரானார். விக்டர் பேர்கரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1921இல் இரத்துச் செய்ய, அடுத்த தேர்தலில் வென்று மறுப்பில்லாமல் காங்கிரஸில் அமர்ந்தார். வால்ட்மன் தொழிலாளர் வழக்குகளில் பெயர்பெற்ற சட்டத்தரணியாகி நீண்ட காலம் வாழ்ந்தார்.

ஒரு கேள்வி மட்டும் தீராமல் கிடந்தது. கொள்கைக்காக ஓர் உறுப்பினரைச் சபை வெளியே நிறுத்தலாமா? 46 வருடம் கழித்து ஜோர்ஜியா மாநிலத்தில் அது மறுபடி எழும்பியது. ஜூலியன் பொண்ட் என்ற கறுப்பின இளைஞர், வியட்நாம் போரை எதிர்த்த அறிக்கையொன்றை ஆதரித்தார். இவர் மூன்றாம் கட்சிக்காரர் அல்ல, ஜனநாயகக் கட்சிக்காரர். 1966 ஜனவரியில் ஜோர்ஜியாச் சபை அவருக்குச் சத்தியப்பிரமாணம் செய்துவைக்க மறுத்தது. தொகுதி மக்கள் அவரையே திரும்பத் தெரிவு செய்தார்கள், சபை திரும்பவும் மறுத்தது. பொண்ட் நீதிமன்றம் போனார். அந்த வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் நீதியரசர்கள் எல்லோரும் ஒருமனதாக, கருத்துக்காக ஆசனத்தை மறுக்கச் சபைக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தார்கள். 1967 ஜனவரியில் அவர் ஜோர்ஜியாச் சபையில் போய் அமர்ந்தார். அப்போது அவருக்கு 26 வயது.